வானசாஸ்திரி நார்மன் ராபர்ட் போக்ஸன்

மண்ணுலகிலே தோன்றியன யாவும் மாறி மறைவதைக் கண்ட பண்டையோர், விண்மீன்கள் மட்டும் என்றும் ஒரே தன்மையாய் விளங்குவன என்று எண்ணினர். 1596 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வடகடலோரத்தில் திருச்சபை ஊழியம் புரிந்துவந்த டேவிட் பாப்ரீஷியஸ் என்னும் குருவானவர், திமிங்கில மண்டலத்திலே ஒரு மீன் சில வாரங்கள் ஒளிர்ந்து, பின்பு மெல்ல மெல்ல மங்கிக் கண்ணுக்குப் புலப்படாது போனதைக் கண்டார். 1609 இல் அஃது அதே இடத்தில் மீண்டும் தோன்றியதையும் அவரே கண்டார். பிற்காலத்தார் அதற்கு அற்புதம் என்று பொருள்படும் மைரா என்னும் பெயரை இட்டனர். ஏறக்குறையப் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அது பிரகாசித்து மங்குகின்றது என்பதும் தெரியவந்தது.

இவ்வாறு நீண்ட கால இடைவெளியில் ஒளி கூடியும் குறைந்தும் வரும் செந்நிற விண்மீன்கள் முதுமை எய்தியவை என்று இன்று நாம் அறிவோம். ஆயினும் அவற்றின் முதுமை நம் முதுமை போன்றதன்று. பல்லாயிரம் நூற்றாண்டுகள் நீடிப்பது. அதனை ஆராயப் புகுந்த மனிதனுக்கோ எழுபது எண்பது ஆண்டே ஆயுள். ஆதலின் ஒரு தலைமுறையினர் தாம் கண்டதை எழுதிவைத்தல் வேண்டும். அடுத்த தலைமுறையினர் அதனைத் தாம் காண்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க இருவர்க்கும் பொதுவானதோர் அளவும் வேண்டும். அத்தகைய எழுத்தையும் அத்தகைய அளவையும் நமக்கு வைத்துச் சென்றவர்களுள் ஒருவர், நம் சென்னை மாநகரில் முப்பதாண்டு வாழ்ந்து இங்கேயே உயிர்நீத்த நார்மன் ராபர்ட் போக்ஸன் என்பவர். அவருடைய சரித்திரம் மாணவர் யாவரும் அறியத் தக்கது.

இளமை

போக்ஸன் 1829 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23 ஆம் தேதி இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் காலுறை முதலிய பின்னல் பொருள்களைச் செய்விக்கும் தொழிலினர், குடும்பமோ பெரிது. போக்ஸன் பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு நீங்கினார். சர்வகலாசாலையில் பயின்று பட்டம் பெறும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. கணிதத்தில் மட்டும் அவருக்கிருந்த விருப்பம் அளவற்றது. அதே ஊரிற் பிறந்தவரும் வானசாஸ்திரத்திற் பெயர் பெற்றவருமான ஜான் ரஸ்ஸல் ஹைண்டு என்பவர் அவருக்கு ஊக்கமளிக்க, பதினெட்டாம் வயதிலேயே வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணக்கிட்டார். 1851 இல் ஹைண்டு வேலை பார்த்துவந்த இலண்டன் வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளராய்ச் சேர்ந்தார். மறு ஆண்டு ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள ராட்கிளிப் நிலையத்தில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது.

ஆக்ஸ்போர்டில் அவர் கழித்த ஆண்டுகளே அவருடைய புகழுக்கு அடிகோலியவை. 1856 இல் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுழலும் சிறு கிரகங்களுள் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தார். அதற்கு இடப்பட்ட ஐஸிஸ் என்னும் பெயர் ஆக்ஸ்போர்டில் தேம்ஸ் நதிக்கு வழங்கும் பெயர். போக்ஸனுடைய இளம் புதல்வியின் பெயரும் அதுவே. அவர் தம் வாழ்நாளிற் கண்ட எட்டுச் சிறு கிரகங்களுள் இதுவே முதலாவது.

மாறும் மீன்கள்

சிறு கிரகங்களைத் தேடுவோர் வானத்தின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மீன்களை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். நேற்று இல்லாத ஒளிப்புள்ளி இன்று காணப்படின் அது கிரகமாயிருக்கலாம். அன்றி, நேற்று மங்கிக் கிடந்து இன்று ஒளி பெற்ற மீனாகவும் இருக்கலாம். இங்ஙனம் ஒன்றைத் தேடச் சென்றவர் மற்றொன்றையும் கண்டார். 1852 இல் அன்ன மண்டலத்திலும், 1853 இல் சப்தரிஷி மண்டலத்திலும், காசியோப்பியா மண்டலத்திலும் ஒளி மாறும் மீன்களைக் கண்டு அறிவித்தார். வானசாஸ்திரிகளின் வழக்கப்படி இவற்றுக்கு ஆர் என்னும் எழுத்தும் அந்தந்த மண்டலத்தின் பெயரும் சேர்ந்து பெயராயின. அன்ன மண்டலத்து ஆர், காசியோப்பியாவின் ஆர் ஆகிய இரண்டும் ஏறக்குறையப் பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை உச்ச ஒளி பெறுகின்றன. சப்தரிஷி மண்டலத்து ஆர் பத்து மாதத்துக்கு ஒருமுறை அந்நிலையை அடைகின்றது. மூன்றும் மைராவின் இனத்தைச் சேர்ந்தவை.

இம்மீன்களின் ஒளியை அக்காலத்தில் மதிப்பிட்ட விதம் எளியது. ஆனால் பெரும் பொறுமையை வேண்டியது. மாறும் மீனுக்கு அருகில் மாறாத மீன்கள் சிலவற்றை முன்னரே குறித்துக்கொள்வர். அவற்றுள் ஒன்று சிறிது மிகுந்தும், மற்றொன்று சிறிது குறைந்தும் ஒளிர, இடையிலே மாறும் மீன் எந்த அளவில் நிற்கின்றது என்று கண்ணாற் கணிப்பர். ஒரே இரவில் இஃது ஒரு பயனும் தராது. மேகமில்லாத இரவுதோறும், மாதந்தோறும், ஆண்டுதோறும் செய்துவந்தால்தான் மீனின் ஏற்றமும் இறக்கமும் ஒரு கோடாக உருப்பெறும்.

பொது அளவு

இங்ஙனம் ஒப்பிட்டுவருகையில் போக்ஸன் ஓர் இடையூற்றை உணர்ந்தார். கிரேக்க நாட்டார் காலந்தொட்டு மீன்களை ஒளியின்படி ஆறு தரமாகப் பகுப்பது வழக்கம். மிகுந்த ஒளியுடையவை முதல் தரம். கண்ணுக்கு அரிதிற் புலப்படுபவை ஆறாம் தரம். தூரதரிசனி வந்தபின் இப்பகுப்பு ஏழு, எட்டு, பத்து என்று கீழே நீண்டுகொண்டு சென்றது. ஒருவர் ஒன்பதாம் தரம் என்றதை மற்றொருவர் பத்தாம் தரம் என்றார். வேறொருவர் பதினொன்று என்றார். ஒரு மீன் மங்கிவிட்டதா, அல்லது அதனை நோக்கியவரின் அளவுதான் வேறா என்று துணிவது அரிதாயிற்று. மாறும் மீன்களை ஆராய்வோர்க்கு இதனினும் பெரிய இடர் வேறில்லை.

முதல் தரத்து மீன் ஆறாம் தரத்து மீனைக் காட்டிலும் ஏறக்குறைய நூறு மடங்கு ஒளியுடையது என்பது அதற்கு முன்னரே அறிஞர்க்குத் தெரியும். இவ்விரண்டுக்கும் இடையே ஐந்து படிகள் உள்ளன. ஒவ்வொரு படிக்கும் ஒரே மடங்கு வைத்தால், தன்னைத்தானே ஐந்து முறை பெருக்கும்போது 100 ஆகும் எண் எதுவோ அதுவே அந்த மடங்கு. அவ்வெண் ஏறத்தாழ 2.512. இதனையே யாவரும் கைக்கொள்ளலாம் என்று 1856 இல் போக்ஸன் எடுத்துரைத்தார். அந்நாளில் வழங்கிய பல அளவுகளுக்கு இது நெருங்கியிருந்தது; கணக்கிடுவதற்கும் எளிதாயிருந்தது. சிறு கிரகங்களின் ஒளியைப் பற்றிய ஒரு சிறு கட்டுரையின் பகுதியாக வெளிவந்த இந்த யோசனை உடனே உலகெங்கும் பரவிவிடவில்லை. சில பத்தாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் ஹார்வர்டு நிலையத்தார் பல்லாயிரம் மீன்களின் ஒளியை அளக்கத் தொடங்கியபோது இதனையே மேற்கொண்டனர். இன்றும் வானசாஸ்திரிகள் யாவரும் கையாள்வது இவ்வளவே.

இதன் பயனை அவர் கண்ட மீனைக்கொண்டே காட்டலாம். அன்ன மண்டலத்து ஆர் மிகப் பிரகாசிக்கும்போது ஆறாம் தரம். மிக மங்கும்போது பதினான்காம் தரம். இடையே எட்டுப் படிகள். 2.512 ஐ எட்டு முறை பெருக்கினால் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் வரும். ஆகவே அம்மீன் சில மாதங்களிற்குள் தன் கட்புலனாகும் ஒளியில் ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேற்பட்ட மாறுதலை அடைகின்றது என்று எந்த நாட்டில் இருப்பவரும் ஐயமின்றி அறிந்துகொள்ளலாம்.

சென்னை வருகை

1859 இல் போக்ஸன், ஹார்ட்வெல் என்னுமிடத்தில் ஜான் லீ என்னும் கனவானுடைய வானாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரானார். அங்கு நெடுநாள் இருக்கவில்லை. சென்னை அரசாங்க வானசாஸ்திரியாக நியமனம் பெற்று 1861 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடும்பத்தோடு இங்கு வந்து சேர்ந்தார்.

சென்னை நிலையம் 1792 இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பெற்றது. கருவிகளைத் தாங்கும்பொருட்டு அங்கு நிறுவிய கருங்கற்றூணும், அதன்மேல் தமிழ் முதலிய மொழிகளில் வெட்டுவித்த சாசனமும் இன்றும் காணத் தக்கவை. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்திலிருந்தே தென்வானத்து மீன்களை அளந்து நற்பெயர் பெற்ற இடம் அது. இங்கிலாந்திலிருந்து ஒருநாளும் காணவியலாத மீன்கள் பல சென்னையிலிருந்து தெளிவாய்த் தோன்றும். போக்ஸன் வந்த சில மாதங்களுக்குள், 1861 ஏப்ரல் மாதத்தில், புதிய சிறு கிரகம் ஒன்றைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதற் கண்டுபிடிக்கப்பெற்றதாதலின் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். பின்னும் நான்கு சிறு கிரகங்களைச் சென்னையிலிருந்தே கண்டார்.

1868 ஆகஸ்டு 18 ஆம் தேதி நிகழ்ந்த பூரண சூரிய கிரகணத்தை மசூலிப்பட்டணத்திலிருந்து ஆராய்ந்தார். 1872 நவம்பர் இறுதியில் விண்வீழ் கொள்ளிகள் மழைபோற் பொழிந்தபோது, பியேலாவின் வால்நட்சத்திரம் பூமிக்கு அருகே வந்து சென்றிருத்தல் வேண்டும் என்று ஜெர்மானிய வானசாஸ்திரி கிளிங்கர்பூஸ் கருதினார். தென்வானத்தில் அதனைத் தேடுமாறு சென்னைக்குத் தந்தி அனுப்பினார். மேகங்கள் விலகிய சிறு பொழுதிலே போக்ஸன் அத்திசையில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுவிட்டார். அஃது அவர் தேடியதுதானா என்பது பின்னர் ஐயத்துக்கு இடமாயினும், தந்தி கிடைத்தவுடன் ஆயத்தமாய் நின்ற அவருடைய விழிப்பு யாவராலும் பாராட்டப்பெற்றது.

துணைவர்கள்

சென்னையில் போக்ஸன் செய்த வேலை அவர் ஒருவரால் மட்டும் ஆனதன்று. அவர் வருமுன்னரே நிலையத்திற் சேர்ந்து, பின் முதல் உதவியாளராய் உயர்ந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த இவர், மேனாட்டுக் கருவிகளைக் கையாளுவதிலும் மிகுந்த தேர்ச்சியடைந்தார். 1867 இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான மண்டலத்தில் ஒரு மீன் ஒளி மாறுவதை இவர் கண்டுபிடித்தார். அதுவும் மைராவின் இனமே. ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை உச்ச ஒளி அடைவது. போக்ஸன் அக்கண்டுபிடிப்பின் பெருமையைத் தமதாக்கிக்கொள்ளாது உதவியாளருக்கே உரியதாக்கினார். இரகுநாதாச்சாரியார் 1872 இல் இலண்டன் ராயல் வானசாஸ்திர சங்கத்தின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1874 இல் சுக்கிரன் சூரியபிம்பத்தைக் கடக்கும் நிகழ்ச்சியைப் பொதுமக்கள் அறிந்துகொள்ளுமாறு இந்திய மொழிகளிலும் விளக்கம் எழுதினார். கண்ணாற் காண்பதற்கும் பஞ்சாங்கத்திற் கணிப்பதற்கும் வேற்றுமை இருத்தலாகாது என்று வற்புறுத்தி, திருத்திய பஞ்சாங்கமும் வெளியிட்டுவந்தார். 1880 இல் அவர் காலமானது நிலையத்துக்குப் பெரு நட்டமாயிற்று.

மற்றொரு துணை போக்ஸனுடைய இல்லத்திலிருந்தே கிடைத்தது. 1869 இல் அவருடைய மனைவியார் இறந்தபின், மூத்த புதல்வி ஐஸிஸ் தம் இளைய உடன்பிறந்தாரைப் பேணும் பொறுப்பை ஏற்றார். 1873 முதல் நிலையத்தின் கணக்கு வேலையிலும் உதவியாளராய் அமர்ந்தார். ராயல் வானசாஸ்திர சங்கத்தில் அவரைச் சேர்க்கவேண்டுமென்று தந்தையார் 1886 இல் முயன்றும், பெண்களுக்கு இடமில்லாத காலமாதலின் அது கைகூடவில்லை. 1920 இல்தான் அவருக்கு அவ்வுரிமை கிடைத்தது.

நிறைவேறாத எண்ணம்

இத்தனை சிறப்புக்களையும் கூறிய நாம் அவருடைய குறையையும் கூறாது விடுதல் முறையன்று. போக்ஸன் காண்பதிற் காட்டிய வேகத்தை வெளியிடுவதிற் காட்டவில்லை. சென்னையில் மீன்களின் இருப்பிடத்தை அளந்த குறிப்புக்கள் ஆண்டுக்கணக்கிற் குவிந்தன. மாறும் மீன்களுக்குத் தனியே படங்கள் அடங்கிய பெருநூல் ஒன்று வெளியிடவேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆவல். நிலையத்தில் ஆள்கள் குறைவு. கருவிகளையும் பொருளையும் பற்றி அரசாங்கத்தோடு ஓயாத கடிதப்போக்குவரத்து. இங்கிலாந்தின் அரச வானசாஸ்திரி ஏரி என்பவரோடு ஒத்துப்போகாமை. இவை யாவும் அவருக்கு இடையூறாயின. அச்சேறாத குறிப்புக்களைப் பிறர் காண இயலாதாதலின், சென்னையில் நடப்பது யாதென்று இங்கிலாந்திலுள்ளோர் குறைகூறலாயினர். இரவெல்லாம் விழித்திருந்து உழைத்த ஒருவருக்கு உழைப்பே இல்லை என்னும் பழி வருவது எவ்வளவு வருத்தத்திற்குரியது!

முப்பது ஆண்டுக் காலம் அவர் விடுமுறை பெற்று ஓய்வுக்குச் செல்லவில்லை. 1891 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23 ஆம் தேதி, அறுபத்திரண்டாம் வயதில், சென்னையிலேயே தேகவியோகமானார். அவர் எண்ணிய பெருநூல் வெளிவரவில்லை. பெட்டிகளில் இருந்த குறிப்புக்கள் மட்டும் எஞ்சின.

அவை வீணாய்ப் போகாமற் காத்தவர்களை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். அவருக்குப்பின் அரசாங்க வானசாஸ்திரியானவர் சார்ல்ஸ் மிச்சி ஸ்மித். இவர் அதற்குமுன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பௌதிக சாஸ்திரம் போதித்த பேராசிரியர். பிற்காலத்திற் கோடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தவரும் இவரே. தமக்கு முன்னிருந்தவர் விட்டுச்சென்ற அளவைகளைச் சீர்ப்படுத்தி, 5,000 க்கு மேற்பட்ட மீன்களின் அட்டவணையை வெளியிட்டு முடித்தார். மாறும் மீன்களைப் பற்றிய குறிப்புக்கள் இங்கிலாந்துக்குச் சென்றன. ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டர்னருடைய மேற்பார்வையில் புரூக் என்பவர் அவற்றை ஒழுங்குபடுத்த, 31 மீன்களைப் பற்றிய போக்ஸனுடைய பதிவுகள் 1908 இல் அச்சேறின. ஆசிரியர் இறந்து அப்போது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அம்மீன்கள் உணர்த்துவது

போக்ஸன் தாம் நோக்கிய செந்நிற மீன்கள் எதனால் மாறுகின்றன என்பதை அறியார். அக்காலத்தில் அதனை அறிந்தவர் ஒருவரும் இலர். இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சியினால் அது விளங்கலாயிற்று.

சூரியனைப்போன்ற ஒரு மீன் தன் நடுவிலுள்ள ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றி, அதனால் எழும் சக்தியைக்கொண்டு நெடுங்காலம் ஒரு நிலையில் ஒளிர்கின்றது. நடுவிலுள்ள எரிபொருள் தீர்ந்தபின் அதன் மேற்பகுதி நூறு மடங்குக்கும் மேலாக விரிந்து, வெப்பம் தணிந்து, செந்நிறம் அடைகின்றது. இறுதிக் காலத்தில் நடுவிடம் கரியும் பிராணவாயுவும் செறிந்த உருண்டையாகிவிட, அதனைச் சூழ்ந்த மெல்லிய அடுக்குகளில் மட்டும் ஹீலியமும் ஹைட்ரஜனும் மாறி மாறி எரிகின்றன. இந்நிலையிலுள்ள மீனின் விரிந்த உடல் உறுதியற்றது. மூச்சு விடுவார் மார்புபோல அது விம்முவதும் ஒடுங்குவதுமாக இருக்கும். ஒரு முறை விம்மி ஒடுங்குவதற்கு நூறு நாளும் ஆகலாம். ஆயிரம் நாளும் ஆகலாம். விம்மும்போது மேற்பரப்புக் குளிர்கின்றது. அங்கே டைட்டேனியமும் பிராணவாயுவும் கூடிய அணுத்திரள்கள் தோன்றிக் கட்புலனாகும் ஒளியை விழுங்குகின்றன. சக்தியின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களாய் வெளிவருகின்றது. ஆகையால் மீனின் மொத்த சக்தி சிறிதே குறையினும் நம் கண்ணுக்கு அது நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மங்கிவிட்டதாய்த் தோன்றுகின்றது.

அன்ன மண்டலத்து ஆர் எந்த வகையைச் சேர்ந்ததோ அவ்வகை மீன்களின் நிறமாலையில் 1952 இல் மெரில் என்னும் அமெரிக்க வானசாஸ்திரி டெக்னீஷியம் என்னும் மூலப்பொருளைக் கண்டார். அது சில பத்து லக்ஷம் ஆண்டுகளிற் சிதைந்துவிடும் இயல்பினது. மீனின் வயதோ அதனினும் மிக மிகப் பெரிது. ஆதலின் அப்பொருள் அம்மீனுக்குள்ளேயே அண்மையில் ஆக்கப்பட்டிருத்தல் வேண்டும். மூலப்பொருள்கள் முதிய மீன்களின் உள்ளே உண்டாகின்றன என்பதற்கு இது நேரான சான்றாயிற்று. அங்ஙனம் உண்டானவை தூசியாகவும் வாயுவாகவும் வெளியே வீசப்பட்டு, பின்னர்த் தோன்றும் மீன்களுக்கும் கிரகங்களுக்கும் உடலாகின்றன. இறுதியில் பூமியளவினதாய் ஒடுங்கிய ஒரு சிறு வெண்ணிற மீனே எஞ்சும். நம் சூரியனும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகளுக்குப்பின் தொடங்கும் தன் முதுமையில் இவ்வழியே செல்லும்.

இம்முதுமையின் ஒரு சிறு கூற்றையேனும் மனிதர் நேரிற் காண்பது பழைய பதிவுகளினாலேயே ஆகின்றது. ஹைட்ரா மண்டலத்து ஆர் என்னும் மீன் 1700 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் ஏறக்குறைய 500 நாளுக்கு ஒருமுறை உச்ச ஒளி பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலோ அக்காலம் 400 நாளுக்கும் குறைந்துவிட்டது. அதன் உள்ளே ஹீலிய அடுக்குத் திடீரெனப் பற்றியெரிந்ததன் விளைவு இஃது என்று வானசாஸ்திரிகள் பலர் கருதுகின்றனர். எந்த ஒரு மனிதனும் இம்மாறுதலை முழுதும் கண்டிருக்கவியலாது. பல நாட்டிற் பல தலைமுறையினர் தத்தம் இரவுகளை எழுதிவைத்தமையாலன்றோ இதனை நாம் அறிகின்றோம்! போக்ஸனும் இரகுநாதாச்சாரியாரும் நுங்கம்பாக்கத்தில் எழுதிய பக்கங்களும் இத்தொடரைச் சேர்ந்தவையே.

முடிவுரை

மாணவ நண்பர்களே! பட்டமில்லாத ஒரு வாலிபர் தம் விருப்பத்தையும் விடாமுயற்சியையும் துணைக்கொண்டு உலகத்துக்கெல்லாம் பொதுவான அளவொன்றை அளித்தார். அவருடைய உழைப்பு நமக்கு ஊக்கமாகுக. கண்டதை அச்சேற்றாது காத்திருந்தமையால் அவர் பெற்ற துன்பம் நமக்கு எச்சரிக்கையாகுக. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் எழுதும் குறிப்பு எத்துணைச் சிறிதாயினும், நாளும் அளவும் தெளிவுற எழுதி, பிறர் கைக்கு எட்டுமாறு வையுங்கள். நீங்கள் அறியாத ஒருவர், நீங்கள் எண்ணாத ஒரு காலத்தில், அதனைத் தேடி வரக்கூடும். அன்ன மண்டலத்திலே போக்ஸன் கண்ட மீன் இன்றும் பதினான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒளி பெற்று மங்குகின்றது. அதனை நோக்குவோர் அதன் ஒளியை இன்றும் அவர் தந்த அளவாலேயே எழுதிவருகின்றனர்.